அண்ணனை லாக்கப்பில் வைத்துவிட்டார்கள், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணனுக்குப் பத்து வருடமாக மனச்சிதைவு. மாத்திரையை நிறுத்தினால் ராத்திரியில் செருப்புகூடப் போடாமல் கிளம்பிவிடுவான். போன வாரம் ரோந்துப் போலீஸ் பிடித்து, விடியும்வரை லாக்கப்பில் வைத்துவிட்டார்கள். நான் போனபோது முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 100-ஆவது பிரிவு: இப்படிப்பட்டவர்களை லாக்கப்பில் அடைக்கவே கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஏட்டையாவிடம் சொன்னேன். “எங்க சார் எழுதியிருக்கு?” என்றார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரியவில்லை.

அரசின் மனநல உதவி எண் 14416-இல் பேசினேன், ஆறுதலாக இருந்தது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவில் அவனைப் பார்க்கப்போவது போலீஸ்தானே?

அந்தப் பிரிவு தமிழில் யாரிடமாவது இருக்கிறதா? அப்புறம், ஸ்டேஷனில் முன்கூட்டியே மனு கொடுத்து வைத்தவர்கள் எப்படி எழுதினீர்கள், மருத்துவச் சான்றும் சேர்த்தீர்களா?