கொல்லையில் மரப்பட்டறை: சுவருக்கு என்ன போட்டீர்கள்?

மன்னார்குடிக்காரர்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கொல்லையில் பன்னிரண்டுக்குப் பத்தடியில் ஒரு மரப்பட்டறை நானே கட்டினேன். கால், விட்டம், கைமரம், ஓடு எல்லாம் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. சுவர்தான் இரண்டு தடவை மாறியது. இனிமேல் கட்டப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

முதலில் போட்டது பிளைவுட். எட்டுக்கு நாலு ஷீட், ஒரே நாளில் நாலு பக்கமும் அடைத்தாயிற்று. கடையில் "வாட்டர் ப்ரூஃப் சார்" என்றார்கள், நம்பிவிட்டேன். ஷீட்டில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்த்திருக்க வேண்டும். ஐ.எஸ். 710 என்றிருந்தால்தான் தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளை. என்னுடையதில் இருந்தது 303, எம்.ஆர். என்று. அது வீட்டுக்குள் அலமாரி செய்வதற்கு. ஐப்பசி அடைமழையில் ஓட்டிலிருந்து கொட்டிய தண்ணீர் தரையில் அடித்து, சேற்றோடு சுவரில் தெறித்துக்கொண்டே இருந்தது. கார்த்திகையில் ஷீட்டின் அடி விளிம்பு ஊறிய அப்பளம் மாதிரி உப்பி, நகத்தால் ஏடு ஏடாக உரிக்க வந்தது. முழங்காலுக்கு மேலே மட்டும் ஷீட் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, பொருளைத்தான் குறை சொன்னேன்.

அடுத்து சிமெண்ட் ஃபைபர் போர்டு, 8 மி.மீ. வெளியில் ஒன்று, உள்ளே ஒன்று, நடுவில் மரச்சட்டம். பார்க்க டவுன் வீடு மாதிரி இருந்தது. கரையான் தின்னாது என்றார்கள். போர்டைத் தின்னவில்லை, உண்மைதான். இரண்டாவது வருஷம் மாசியில் ரம்பம் மாட்ட ஓர் ஆணி அடித்தேன். இரண்டாவது அடியிலேயே ஆணி கொண்டை வரை போய்விட்டது. போர்டைக் கழற்றினால், தரையிலிருந்து பென்சில் தடிமனுக்கு ஒரு மண்கோடு மேலே ஏறியிருக்கிறது. சட்டத்தின் வெளித்தோல் மட்டும் மிச்சம், உள்ளே தேன்கூடு. நம் களிமண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. அந்த மண்ணில் மரக்காலை நேராக நட்டு, இரண்டு பக்கமும் போர்டால் மூடி, கரையானுக்குத் திரை கட்டிக் கொடுத்தது நான்தான்.

பிறகுதான் ஊர் ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் சுவரைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்தார். "மேலே என்ன வேணும்னாலும் போட்டுக்குங்க சார், கீழ ரெண்டடி மரம் இருக்கக் கூடாது" என்றார். கூரையை ஜாக்கியில் முட்டுக் கொடுத்துத் தூக்கி, கால்களின் அடியை அறுத்தோம். சுற்றிலும் இரண்டரை அடி தோண்டி ஆற்று மணல் நிரப்பி, இரண்டடி உயரம் செங்கல் கட்டு. அதன் மேல் வேப்பஞ்சட்டம். அதற்கு மேலே வேப்பம்பலகை, ஒன்றின் மேல் ஒன்று ஓர் அங்குலம் ஏறுகிற மாதிரி. கூரைக்குக் கீழே ஒரு சாண் மூங்கில் தட்டி, காற்று போக. பலகைக்கு உள்பக்கம் ஒன்றும் அடிக்கவில்லை. கரையான் ஏறினால் கண்ணில் படட்டும். நாலு மழைக்காலம் போய்விட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுகிறேன். பூசிய பத்து நாளைக்கு வீட்டம்மா அந்தப் பக்கம் வருவதில்லை. எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்துபோகும், உறை போட்டுக்கொள்ளுங்கள்.

வேதாரண்யத்துக்காரன்

அண்ணே, எங்கள் பக்கம் தண்ணீரையும் கரையானையும் விட உப்புக்காற்றுதான் எமன். நான் தகர ஷீட் போட்டிருந்தேன். ஷீட் அப்படியே இருக்கும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும். சுற்றித் துளை பெரிதாகும், ஷீட் படபடக்க ஆரம்பிக்கும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் மூன்று ஷீட் பிய்த்துக்கொண்டு போனது. ஒன்றைத் தோப்பில் தென்னையைக் கட்டிப்பிடித்த மாதிரி மடங்கிக் கிடக்கக் கண்டெடுத்தேன். மற்ற இரண்டும் எங்கே போனதோ. இப்போது சவுக்குக் கழியில் சட்டம், பனையோலைத் தட்டி. தட்டி போனால் அடுத்த வாரம் வேறு கட்டிக்கொள்ளலாம். சித்திரையில் உள்ளே உட்கார்ந்து வேலை செய்ய முடிகிறது, தகரத்தில் பத்து மணிக்கு மேல் முடியாது. ஒரே குறை, திருட்டு. சாமான்களையெல்லாம் இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கிறேன்.

பேராவூரணி தோப்பு

கஜாவில் எங்களுக்கு விழுந்தது மரம். சும்மா கிடந்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும் என்று அறுத்துப் பலகையாக்கினோம். தென்னம்பலகை பற்றி ஒரு வார்த்தை: முதிர்ந்த மரத்தின் அடிப்பக்கம், அதிலும் தோலை ஒட்டிய மூன்று அங்குலம்தான் மரம். நடுத்தண்டு வெறும் சோறு. எனக்கு இது தெரியாது, மில்லில் அறுத்ததையெல்லாம் கலந்து அடித்துவிட்டேன். ஒரே சுவரில் ஒரு பலகை கருங்கல், பக்கத்துப் பலகை பொடிப்பொடியாக உதிர்கிறது. கையில் தூக்கிப் பாருங்கள், கனமாக, கறுப்புக் கோடு நெருக்கமாக இருந்தால் எடுங்கள். மற்றது அடுப்புக்கு.

கும்பகோணம் புதுசு

சார், என்னிடம் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட் பத்து இருக்கிறது, மாட்டுக்கொட்டகையைப் பிரித்தது. அதையே அறுத்து அடித்துவிடலாமா? அப்புறம் வேப்பம்பலகை கோணிக்கொள்ளாதா?

மன்னார்குடிக்காரர்

தம்பி, அதை மெஷின் போட்டு அறுக்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலில் போய்த் தங்கிவிடும், பட்டறைக்கு அது வேண்டாம். சுவரில் ஆணி அடிக்கவும் முடியாது. உளி, ரம்பம் எல்லாம் மாட்ட இடமில்லாத சுவர் பட்டறைக்கு எதற்கு?

வேம்பு கோணும். பச்சையாக வாங்கினால் கட்டாயம் கோணும். அடுக்குக்கு நடுவில் மெல்லிய ரீப்பர் சட்டம் வைத்து, நிழலில் ஒரு கோடை முழுக்கக் காய விடுங்கள். பலகையின் கீழ் விளிம்போரம் மட்டும் ஆணி அடியுங்கள், அதுவும் அடியில் ஒளிந்திருக்கும் பலகையைத் தொடாமல். இரண்டு விளிம்பிலும் அடித்தால் மழையில் உப்பவும் முடியாமல் வெயிலில் சுருங்கவும் முடியாமல் நடுவில் பிளக்கும். என் மேற்குச் சுவரில் முதலில் அடித்த நாலு பலகை அப்படித்தான் போனது. ஆணிக்கு முன்னால் டிரில்லால் துளை போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த வேம்பில் நேராக அடித்துப் பார்த்தேன், அரை கிலோ ஆணி வளைந்ததுதான் மிச்சம்.