குளோஸ்டர் கடல்நாகம்: புத்தகம் ஏமாற்றிவிட்டது, மூலத்தை எப்படிப் படிப்பது?

பாய்மரம்:
குளோஸ்டர் கடல்நாகத்தைப் பற்றிய ஒரு புத்தகத்தை ஆசையாக வாங்கிப் படித்தேன். 1817 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், கேப் ஆன் முனையிலுள்ள குளோஸ்டர் ஊர்க் கடலில் பாம்பு போன்ற ஒரு பெரிய மிருகத்தைப் பலர் பார்த்ததாகச் சொன்ன கதை. உருப்படியாகத் தேறியது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் "ஊரே பார்த்தது", "நூறடி நீளம்", "குண்டு பாய்ந்தும் சாகவில்லை" ரகம். எந்தச் சாட்சி எத்தனை அடி தூரத்திலிருந்து பார்த்தார் என்று ஒரு இடத்திலும் இல்லை. மூன்றடிக் "குட்டி" ஒன்று பிடிபட்டதாக அரை வரியில் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிவிடுகிறார். சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலங்கள் இருக்கின்றனவாமே? அவற்றை எங்கே தொடங்கி எப்படிப் படிப்பது?

நங்கூரம்:
இந்தக் கதையின் சொத்தே அந்த வாக்குமூலங்கள்தான். அவற்றை உருக்கி ஒரே பூதமாக வார்த்துவிட்டால் புத்தகம் சப்பென்றுதான் இருக்கும்.

1817 ஆகஸ்ட் 18 அன்று பாஸ்டனில் நியூ இங்கிலாந்து லின்னேயன் சங்கம் என்ற இயற்கையியல் சங்கம் கூடி, ஜான் டேவிஸ், ஜேக்கப் பிகலோ, பிரான்சிஸ் கிரே ஆகிய மூவரைக் குழுவாகப் போட்டது. குளோஸ்டரில் மாஜிஸ்ட்ரேட்டாக இருந்த லான்சன் நாஷிடம் விசாரணையை ஒப்படைத்தார்கள். சாட்சி முதலில் தன் போக்கில் சொல்ல வேண்டும். அதன் பிறகே 25 கேள்விகள். எல்லாருடைய வாக்குமூலமும் எழுத்தில் ஏறும்வரை சாட்சிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது. அந்தக் காலத்துக்கு நல்ல கறாரான முறை. குழுவின் அறிக்கை அதே ஆண்டு பாஸ்டனில் அச்சானது. 50 சொச்சம் பக்கம்தான், காப்புரிமையும் இல்லை.

படிக்கும்போது ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: சாட்சி, தேதி, நேரம், தூரம், ஒரே சமயத்தில் தண்ணீருக்கு மேலே தெரிந்த பகுதிகள், நீளம். "நீளம்" கட்டத்தைப் பென்சிலால் நிரப்புங்கள். பாதிக்கு மேல் அழிக்க வேண்டி வரும்.

குண்டு விஷயத்தை எடுங்கள். கப்பல் தச்சரான மேத்யூ காஃப்னி ஆகஸ்ட் 14 மாலை படகிலிருந்து சுட்டார். தூரம் சுமார் 30 அடி. ஒரு பவுண்டு ஈயத்துக்கு 18 என்ற கணக்கில் வார்த்த குண்டு; கணக்குப் போட்டால் ஒன்று 25 கிராம், 16 மில்லிமீட்டர் குறுக்களவு. தலை நான்கு கேலன் பீப்பாய் அளவு என்றார், கிட்டத்தட்ட நம் ஊர் 15 கிலோ எண்ணெய் டின். அது படகுப் பக்கம் திரும்பி, மூழ்கி, அடியில் புகுந்து, 100 கஜம் தள்ளி எழுந்தது. குண்டு பட்டிருக்கும் என்பது அவருடைய நினைப்பு. அதைத்தான் உங்கள் ஆசிரியர் "பாய்ந்தும் சாகவில்லை" ஆக்கிவிட்டார்.

அந்தக் "குட்டி"க்குத் தனி அத்தியாயமே போட்டிருக்க வேண்டும். லாப்லாலி கோவ் என்ற சிறு குடாவின் அருகே தரையில் கொல்லப்பட்ட, முதுகெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்த மூன்றடிப் பாம்பு அது. பெரிய நாகம் கரையில் முட்டையிட வந்திருக்கும் என்ற ஊகத்தில் குழு அதை அறுத்துப் பார்த்து, ஸ்கோலியோஃபிஸ் அட்லாண்டிகஸ் என்று புதிய பேரினமே அறிவித்தது. பிரெஞ்சு இயற்கையியலாளர் லெசுவர், இது முதுகெலும்பு கோணிய சாதாரணக் கரும்பாம்பு என்று காட்டிவிட்டார். நம் சாரைக்குத் தூரத்து உறவு. அத்தோடு கேலி தொடங்கியது. வாக்குமூலங்களின் மதிப்பும் சேர்ந்தே அடிபட்டது, அது அநியாயம்.

உப்புக்காற்று:
நீளத்தை ஏன் பென்சிலால் எழுதச் சொல்கிறார் என்பதற்குக் கணக்கு:

கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் அகலம் ஏறக்குறைய 2 பாகை. 100 மீட்டரில் அது 3.5 மீட்டரை மறைக்கும், 200 மீட்டரில் 7 மீட்டரை. எனவே தூரத்தை இரு மடங்காக நினைத்தால் நீளமும் இரு மடங்காகும். 40 அடி 80 அடியாக இது ஒன்றே போதும்.

கடலில் தூரத்தை எதை வைத்துச் சொல்வது? மரமில்லை, வீடில்லை. பொருள் அடிவானத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதுதான் ஒரே துப்பு. கண் தண்ணீருக்கு 2 மீட்டர் மேலே இருந்தால், 100 மீட்டரில் உள்ள பொருள் அடிவானத்துக்கு 1.1 பாகை கீழே தெரியும், 200 மீட்டரில் 0.5 பாகை. வித்தியாசம் கட்டைவிரலில் கால் பங்குக்குச் சற்றே அதிகம்! அரை மீட்டர் அலை வந்தால் அதுவும் போச்சு.

சாட்சிகள் அதன் முதுகில் வரிசையாகப் பார்த்ததாகச் சொன்ன திமில்களிலும் இதே கோளாறுதான். தெரிவது திமில்கள், நடுவில் தண்ணீர். அந்த இடைவெளியையும் உடம்பாகக் கூட்டித்தான் மொத்த நீளம் வருகிறது. அதனால் 12-வது கேள்வியை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை பகுதி வெளியே தெரிந்தது என்பதை, 13-வதான நிறம், நீளம், பருமனோடு சேர்த்தே படியுங்கள். 11-வது இன்னும் முக்கியம்: வளைவு மேலும் கீழுமா, பக்கவாட்டிலா? காஃப்னி மேலும் கீழும், கம்பளிப்பூச்சி போல என்றார். பாம்பின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து நீந்துவதற்கு அமைந்தது. மேலும் கீழுமாக உந்துவது திமிங்கிலம், ஓங்கில் (டால்பின்), நீர்நாய் வழக்கம். குழுவோ பாம்பு என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டது.

ஆக, வரிசையாகப் போன ஓங்கில்கள். வேறென்ன?

ஆழி:
அவ்வளவு சுலபமாக முடிக்காதீர்கள். குளோஸ்டர் மீனவ ஊர். ஓங்கிலும் கடற்பன்றியும் அவர்கள் தினமும் பார்த்தவை. மேலும் 30 அடியில் நின்று பார்த்தவருக்கு உங்கள் கட்டைவிரல் கணக்கு பொருந்தாது.

கனடா சூழலியலாளர் ராபர்ட் பிரான்ஸ் 2019-இல் வேறு விளக்கம் சொன்னார்: மீன்பிடிக் கயிற்றிலும் வலையிலும் சிக்கி, மிதவைகளை இழுத்துக்கொண்டு திரிந்த ஒரு பெரிய கடல் உயிரி. முன்னால் உயிருள்ள தலை, பின்னால் ஒரே சீராக உருண்டை உருண்டையாக ஒரு சரம். திமில்கள் ஏன் அளவெடுத்தாற்போல இருந்தன என்பதற்கு இது ஓங்கில் வரிசையைவிடப் பொருத்தம். ஆனால் காஃப்னி சொன்னபடி அது சட்டென்று மூழ்கிப் படகுக்கு அடியில் போனதே, அங்கே இதுவும் இடிக்கிறது. மிதவைச் சரம் அவ்வளவு எளிதில் உள்ளே போகாது.

பாய்மரம்:
நன்றி. 1600களில் ஜான் ஜாசலின் என்ற ஆங்கிலப் பயணி எழுதிய பாம்பையும் இதே மிருகத்துக்கு ஆதாரமாகப் புத்தக ஆசிரியர் காட்டுகிறாரே, அதைக் கட்டத்தில் சேர்க்கலாமா?

நங்கூரம்:
வேண்டாம். கேப் ஆன் பாறையில் வடக்கயிறு போலச் சுருண்டு கிடந்த பாம்பைப் பற்றி ஜாசலின் காதால் கேட்டதுதான், அவர் பார்க்கவில்லை. தூரக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? 1819-இல் பாஸ்டனுக்கு அருகிலுள்ள நஹாந்த் கடற்கரையில் பார்த்ததாக வந்தவற்றையும் தனித் தாளில் வையுங்கள். அப்போது 1817 அறிக்கை அச்சாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எதைப் பார்க்கப் போகிறோம் என்று எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்று, தூரம் பல இடங்களில் ராட் கணக்கில் வரும். 1 ராட் 16.5 அடி, சுமார் 5 மீட்டர். கஜம் என்று நினைத்துப் படித்தால் கணக்கு ஐந்தரை மடங்கு பிசகும்.