கூகுளில் தேடினால் வேறெங்கோ போய் நிற்கிறது, அமைப்பிலும் மாற்ற முடியவில்லை

அரைத்தூக்கம்:

வணக்கம். நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது ஏதாவது ஒரு சொல்லைத் தேடுவேன். அதனால் இந்தத் தொல்லை என் பிழைப்பிலேயே கை வைத்துவிட்டது.

விண்டோஸ் 11, குரோம். போன வாரம் ஒரு பிடிஎஃப் கோப்பை வேர்டாக மாற்ற வேண்டியிருந்தது. அவசரத்தில் ஏதோ ஒரு இலவச மென்பொருளை இறக்கி நிறுவினேன். படிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திக்கொண்டே போனது நான்தான், மறுக்கவில்லை. கோப்பும் மாறவில்லை. மறுநாள் காலையிலிருந்து முகவரிப் பட்டையில் எதை அடித்து என்டர் தட்டினாலும், கண் சிமிட்டும் நேரத்துக்கு நீளமாக ஒரு முகவரி வந்து மறைகிறது. அப்புறம் பார்த்தால் நான் கேட்காத வேறொரு தேடுபொறியில் நிற்கிறேன். மேலே வரும் ஐந்தாறு முடிவுகளும் விளம்பரம். 'நங்கூரம்' என்று தேடினால் கப்பல் சுற்றுலாவுக்கு டிக்கெட் விற்கிறார்கள்.

அமைப்புகளில் தேடுபொறியை மாற்றப் போனால் அந்த இடமே சாம்பல் நிறத்தில் உறைந்து கிடக்கிறது. நீட்டிப்புகள் (குரோமில் கூடுதலாகச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்கள்) பக்கத்தில் நான் போடாத ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மற்றவற்றுக்கெல்லாம் அகற்றும் பொத்தான் இருக்க, அதற்கு மட்டும் இல்லை. மூன்று புள்ளி மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று ஒரு வரி வேறு. எந்த நிறுவனம்? என் சொந்த மடிக்கணினி, வேலை பார்ப்பதும் வீட்டில்தான். குரோமை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். முதல் தேடலிலேயே பழையபடி பல்லை இளித்தது. வைரஸ் தடுப்பானைக் கேட்டால் எல்லாம் சுகம் என்கிறது.

யாராவது வழி சொல்லுங்கள்.

நடுப்பக்கம்:

ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள் சகோ. அரை நாள் வேலை, அதோடு நிம்மதி.

திருப்புளி:

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டாம். ஃபார்மட் எங்கேயும் ஓடிப் போகாது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் எரிச்சலோடு எழுதிய அந்த 'நிறுவனம்' என்ற வரிதான் துப்பு. அலுவலகங்கள் தங்கள் கணினிகளைக் கட்டுக்குள் வைக்க குரோமில் 'பாலிசி' என்று ஒரு வசதி இருக்கிறது. எந்தத் தேடுபொறி, எந்த நீட்டிப்பு என்பதை நிர்வாகி எழுதி வைத்துவிட்டால் ஊழியர் மாற்ற முடியாது. அதே வசதியைத்தான் உங்கள் மாற்றி மென்பொருள் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தியிருக்கிறது. அது எழுதியது குரோமுக்குள் இல்லை, விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸும் நிரல்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடத்தில். குரோமை எத்தனை முறை நீக்கிப் போட்டாலும், புதிதாக வரும் குரோம் அங்கே போய்ப் படித்துவிட்டு அதற்குத்தான் கட்டுப்படும்.

நடுவில் மின்னி மறையும் முகவரிதான் அவர்களுடைய கல்லாப்பெட்டி. உங்கள் தேடல் அந்த வழியாகப் போனால், பிறகு நீங்கள் சொடுக்கும் விளம்பரத்தில் அவர்களுக்குப் பங்கு. கொண்டுபோய் விடும் இடம் பெரும்பாலும் ஒழுங்கான தேடுபொறிதான். அதனால்தான் பலருக்கு மாதக்கணக்கில் சந்தேகமே வருவதில்லை.

முதலில் முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடியுங்கள். ஒரு அட்டவணை வரும். சொந்தக் கணினியில் அது காலியாக இருப்பதுதான் வழக்கம். சில பாதுகாப்பு மென்பொருள்களும் அதில் எழுதும், அதனால் பதறாமல் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்' என்று ஒரு வரி இருந்தால் அதன் மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளியே இல்லாமல் 32 எழுத்து இருக்கும், எல்லாமே ஆங்கிலத்தின் ஏ முதல் பி வரையிலான சின்ன எழுத்துகள் (ஏபிசிடியில் 16-வதாக வருகிற பி). அது நீட்டிப்பின் அடையாள எண். நீட்டிப்புகள் பக்கத்தில் டெவலப்பர் பயன்முறையைப் போட்டால் ஒவ்வொன்றின் கீழும் அதன் எண் தெரியும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

வந்ததை இங்கே சொல்லுங்கள். அதுவரை எதையும் அழிக்காதீர்கள்.

அரைத்தூக்கம்:

இருக்கிறது அண்ணா! நீங்கள் சொன்ன வரி, 32 எழுத்து, ஒரு எழுத்து பிசகாமல் அதே நீட்டிப்பு. அதன் கீழே 'டிஃபால்ட் சர்ச் புரொவைடர்' என்று தொடங்கும் மூன்று வரிகள். ஒன்றில் அந்த மின்னி மறையும் முகவரி முழுசாக இருக்கிறது. ஒரு வாரமாகப் பிடிக்க முடியாமல் இருந்தேன், இப்போது அசையாமல் நிற்கிறது.

திருப்புளி:

அப்படியானால் வேலை பாதி முடிந்தது.

முதலில் நிரல்கள் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கி, அந்த மாற்றியையும் அதே நாளில் கூடவே வந்த மற்றதையும் நீக்குங்கள். பிறகு குரோமை மூடிவிட்டு ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறங்கள். லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று படிப்படியாக உள்ளே போங்கள். அந்தக் குரோம் கோப்புறையை வலது சொடுக்கில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் வைத்துக்கொண்ட பிறகு அழியுங்கள். கரன்ட் யூசர் பக்கத்திலும் இதே பாதை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக் கோப்புறைகளில் கை வைக்கவே வேண்டாம், ரெஜிஸ்ட்ரி மன்னிக்காது.

அப்புறம் டாஸ்க் ஷெட்யூலர், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டுகிற விண்டோஸ் வசதி. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். லாகின் ஆனதும் பவர்ஷெல்லை (விண்டோஸுக்குக் கட்டளைகள் கொடுக்கும் கருவி) ஓட்டுகிற, பெயரில் பொருளே இல்லாத பணி ஏதாவது இருந்தால் அதுதான் அழித்ததையெல்லாம் திரும்ப எழுதுகிற கை.

வைரஸ் தடுப்பான் சும்மா இருந்ததிலும் ஆச்சரியமில்லை. நீங்களே 'சரி' சொல்லி நிறுவியதால் சில தடுப்பான்கள் இதை வைரஸ் கணக்கில் சேர்ப்பதில்லை. மால்வேர்பைட்ஸின் ஆட்வ்கிளீனர் இந்த ரகத்துக்கென்றே இருக்கிறது, இலவசம். கடைசியில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: அலுவலகம் கொடுத்த கணினி என்றால் அந்த 'நிறுவனம்' உண்மையிலேயே நிறுவனம்தான். தொடாதீர்கள்.

பழையசாவி:

இடையில் நுழைகிறேன். எனக்கும் இதே தொல்லை வந்தது, ஆனால் பாலிசி அட்டவணை காலி. மடிக்கணினியில் நீட்டிப்பை நீக்குவேன், சாயங்காலம் திரும்ப வந்துவிடும். மேசைக்கணினியிலும் அதே கணக்கில் குரோம் திறந்திருந்தது, அங்கிருந்து ஒத்திசைவு (சிங்க்) வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒத்திசைவை நிறுத்தி இரண்டிலும் நீக்கிய பிறகுதான் ஓய்ந்தது.

அரைத்தூக்கம்:

முடிந்தது! ஆனால் சொன்ன வரிசையில் போகவில்லை. ஷெட்யூலர் என்ற பெயரே பயமாக இருந்ததால் அதை விட்டுவிட்டு ரெஜிஸ்ட்ரியை மட்டும் சுத்தம் செய்தேன். குரோமில் சாம்பல் நிறம் போய்விட்டது, அகற்றும் பொத்தானும் வந்தது. மகிழ்ச்சியில் கணினியை அணைத்துப் போட்டேன், மறுபடி எல்லாம் முளைத்திருந்தது. அப்புறம்தான் ஷெட்யூலரைத் திறந்தேன். எழுத்தும் எண்ணும் கலந்து பூனை விசைப்பலகையில் நடந்ததுபோல் ஒரு பெயர், செயல் என்ற இடத்தில் பவர்ஷெல். அதை அழித்துவிட்டு ரெஜிஸ்ட்ரியை இரண்டாம் முறை சுத்தம் செய்தேன். மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன், வரவில்லை.

அந்த நீட்டிப்பின் விவரத்தைத் திறந்தபோது, எல்லாத் தளங்களிலும் என் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி என்று இருந்தது. கடவுச்சொற்களை மாற்ற வேண்டுமா?

திருப்புளி:

மாற்றிவிடுங்கள். அது எடுத்திருக்குமா என்று நமக்குத் தெரியாது, எடுக்க முடிகிற இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். மின்னஞ்சலும் வங்கியும் முதலில். பிற கருவிகளில் உள்நுழைந்திருப்பதையெல்லாம் வெளியேற்றிவிடுங்கள்.

அரைத்தூக்கம்:

சரி அண்ணா, இன்றே செய்கிறேன். நங்கூரத்துக்கு இப்போது நங்கூரமே வருகிறது. அந்தப் பிடிஎஃப் மட்டும் இன்னும் பிடிஎஃப்பாகவே இருக்கிறது.

திருப்புளி:

வேர்டு 2013-ஓ அதற்குப் பிந்தியதோ இருந்தால், வேர்டிலேயே 'கோப்பு, திற' என்று போய் அந்தப் பிடிஎஃப்பைத் தேர்ந்தெடுங்கள். அதுவே மாற்றித் திறக்கும். பக்க அமைப்பு கொஞ்சம் கலையலாம்.

அரைத்தூக்கம்:

இதற்காகவா ஒரு வாரம்!