தாத்தாவின் ரம்பமும் மூணு விரல் கைப்பிடியும்: பழைய கருவிகளோடு உங்கள் அனுபவம்

வைகைக்கரை எழுதியது:

போன ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் சோழவந்தான் வீட்டுப் பரணை ஒழித்தபோது, சாக்கில் சுற்றி வைத்திருந்த தாத்தாவின் கைரம்பம் கிடைத்தது. 26 அங்குலத் தகடு, முழுக்கத் துரு. கைப்பிடியின் மேல் கொம்பு உடைந்து, அடிப்பக்கம் கறையான் அரித்திருந்தது. நிலை, கதவு, மாட்டு வண்டி என்று ஊரில் பாதி வீட்டு வேலையை அவர் இந்த ரம்பத்தால்தான் செய்தார். பித்தளைத் திருகுகளைச் சுற்றி, வருடா வருடம் பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்து கல் மாதிரி இருந்தன. அதைச் சுரண்ட எனக்கு மனம் வரவில்லை.

துருவை எடுக்க மண்ணெண்ணெயும் உப்புத்தாளும்தான். உப்புத்தாளை விரலில் வைத்துத் தேய்க்காதீர்கள். சமமான மரக்கட்டையில் சுற்றி, தகட்டின் நீளவாக்கிலேயே இழுங்கள். அப்படி இழுத்தால்தான் தகட்டில் பொறித்த எழுத்து அழியாமல் தப்பிக்கும். இரண்டாம் நாள் சாயங்காலம் கறுப்புக்குள்ளிருந்து ‘ஷெஃபீல்டு’ என்ற எழுத்தும் அதன் கீழே ‘காஸ்ட் ஸ்டீல்’ என்பதும் மங்கலாக எழுந்து வந்தன. வார்ப்பிரும்பு என்று முதலில் தப்பாக நினைத்தேன். அது மூசையில், அதாவது சூடு தாங்கும் மண் குடுவையில், வைத்து உருக்கிய எஃகு. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மேன் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தொடங்கிய முறை. அந்த இடத்தை மட்டும் அதற்கு மேல் தேய்க்கவில்லை.

கைப்பிடியில்தான் தவறு செய்தேன். பழைய பிடியின் ஓட்டையில் என் நான்கு விரலும் நுழையவில்லை. தாத்தாவுக்குச் சின்னக் கை போல என்று முடிவு செய்து, ஓட்டையை முக்கால் அங்குலம் நீட்டித் தேக்கில் புதுப்பிடி செய்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அறுக்கும்போது ரம்பம் கையில் ஆடியது, கோட்டை விட்டு விலகி விலகிப் போனது.

மதுரை தெற்குவாசல் பக்கம் ஒரு மரக்கடைத் திண்ணையில் ரம்பத்துக்குப் பல் தீட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னார்கள். பழைய பிடியையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். அவர் பல்லைப் பார்க்கவே இல்லை. பிடியைத்தான் முதலில் பார்த்தார்.

“தம்பி, இது யாரு கைக்குச் செஞ்சது?”

“என் கைக்குத்தான் ஐயா. பழசுல நாலு விரல் நுழையல.”

“நாலு எதுக்கு நுழையணும்? மூணுதான் உள்ள. ஆள்காட்டி விரலை வெளிய நீட்டு. அது காட்டுற பக்கம்தான் ரம்பம் போகும்.”

உடைந்த பழைய பிடியை வாங்கி என் கையில் அவரே பொருத்தினார். மூன்று விரலும் கச்சிதமாக உட்கார்ந்தன. நீட்டிய விரல் பக்கவாட்டில் ஒரு சின்னப் பள்ளத்தில் போய்ப் படிந்தது. மரத்தில் இருந்த குறை என்று நான் நினைத்திருந்த பள்ளம் அது. தாத்தாவின் விரல் தேய்த்தே உண்டானது.

அப்புறம்தான் பல்லுக்கு வந்தார். “நெடுக்க அறுக்கவா, குறுக்க அறுக்கவா?” என்று கேட்டார். நெடுக்க அறுக்கும் ரம்பத்துக்குப் பல் உளி மாதிரி, அரத்தை நேர்குறுக்காக ஓட்டவேண்டும். குறுக்க அறுப்பதற்குக் கத்தி மாதிரி, அரத்தைச் சாய்த்து ஓட்டவேண்டும். என்னுடையது குறுக்க அறுப்பது. தகட்டை இரண்டு பலகைக்கு நடுவே, பல் மட்டும் கொஞ்சம் வெளியே தெரிகிற மாதிரி இறுக்கினார். முதலில் தட்டை அரத்தைப் பல் நுனிகளின் மேல் நீளமாக ஓட்டினார். உயரமான பல்லில் எல்லாம் பளிச்சென்று ஒரு புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளி மறையும் வரைதான் மூணுமூலை அரத்தால் ராவவேண்டும், அதற்கு மேல் ஒரு இழுப்புக்கூட இழுக்கக்கூடாது. ஒன்று விட்டு ஒன்றாக ஒரு பக்கமிருந்து முடித்து, ரம்பத்தைத் திருப்பி மிச்சத்தை ராவினோம். என் முறையில் அரம் காது கூசுகிற மாதிரி கத்தியது. “தகடு நடுங்குது, கீழ இறக்கிப் பிடி” என்றார். இறக்கிப் பிடித்ததும் சத்தம் அடங்கி, சீரான உரசல் மட்டும் கேட்டது. பல்லை இடம் வலமாகச் சாய்ப்பதை அவரே செய்தார். மேல் பாதியை மட்டும்தான் வளைக்கவேண்டும், அடியோடு வளைத்தால் பல் ஒடிந்துவிடும்.

இரண்டாவது பிடிக்குப் பூவரசு எடுத்தேன். எங்கள் கொல்லை மரம், அறுத்துப் போட்டு மூன்று வருடம் காய்ந்தது. பழைய பிடியை அட்டையில் வரைந்து, உடைந்த கொம்பைப் பெரியவரின் ரம்பத்தைப் பார்த்து நிறைவு செய்தேன். பிடியின் மெலிந்த பகுதியில் மர ரேகை நீளவாக்கில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் அங்கேதான் ஒடியும். உள்வளைவுகளுக்கு முதலில் துளை போட்டுவிட்டு, பிறகு துளைகளை இணைத்து அறுத்தேன். தகடு நுழையும் பிளவுக்கு ஹேக்ஸா பிளேடே போதும். பிளேடை மேசையில் ஒரு சக்கையின் மேல் படுக்கவைத்து இறுக்கி, அதன் உயரம் பலகைக் கனத்தின் சரிபாதியில் வரும்படி செய்துகொண்டு, பிடியை அதன் மேல் தள்ளித் தள்ளி அறுத்தேன். பிளவு நடுவில் நூல் பிடித்த மாதிரி விழுந்தது. மர அரம், உப்புத்தாள், கடைசியாகக் கண்ணாடிச் சில்லால் சுரண்டல், அப்புறம் லின்சீட் எண்ணெய் (ஆளிவிதை எண்ணெய்) நான்கு பூச்சு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துத்தான் எறியவேண்டும்.

விரல் பள்ளத்தை மட்டும் புதுப் பிடியில் செதுக்கவில்லை. அது நான் அறுத்து அறுத்து வரட்டும்.

மேலூர் பலகை எழுதியது:

உங்கள் ரம்பத்தில் பொறித்த எழுத்து தப்பித்ததைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. என் மாமனாரின் ரம்பத்தை நான் புளித்தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டு, பிறகு டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தேன். துரு போனது, பொறித்திருந்த பெயரும் போனது. தகடு சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று ஆகிவிட்டது. மாமனார் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “பேர் இருந்துச்சே மாப்ள” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. புளி துருவை எடுக்கும், உண்மைதான். ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துத் துடைத்துப் பார்க்கவேண்டும்.

திருமங்கலம் வாசகி எழுதியது:

அண்ணா, எங்கள் அப்பாவின் ரம்பத்தில் பித்தளைத் திருகின் மரை ஒன்று தேய்ந்துவிட்டது. நடுவில் வெட்டுள்ள வட்ட மரை, சாதாரணத் திருப்புளி பிடிக்கவில்லை. எப்படிக் கழற்றினீர்கள்?

வைகைக்கரை எழுதியது:

பழைய அகலத் திருப்புளி ஒன்றின் நுனியில், நடுவில் அரத்தால் ஒரு வெட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் தங்கச்சி. இரண்டு பல் கிடைக்கும், அது மரையின் வெட்டில் இரு பக்கமும் உட்காரும். முதல் நாள் இரவே ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு வையுங்கள். பித்தளை மெத்தென்றது, அவசரப்பட்டால் வழுக்கிக் கிழித்துவிடும். எனக்கும் ஒன்று தேறவில்லை, லேத் பட்டறையில் பழையதைக் காட்டி அதே மாதிரி கடைந்து வாங்கினேன். அப்பாவின் பழைய மரையைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் லேத் பட்டறைக்காரர்களுக்கு அளவு.