ரெண்டு செம்பு, ஒரே சோடி: தில்லுமுல்லா?

நொய்யல்கரையான்:
எங்க ஊர் மாரியம்மன் நோம்பியில நேத்து ஒரு போட்டி. 10 தம்பதி. புருசன் பேரெல்லாம் ஒரு செம்புல, சம்சாரம் பேரெல்லாம் இன்னொண்ணுல. செம்புக்கு ஒரு சீட்டு எடுத்து, சோடி சேர்ந்தா பவானி ஜமக்காளம் பரிசு. மொத வாட்டியே சேர்ந்துருச்சு! 10ல ஒண்ணு, மறுபடி 10ல ஒண்ணு, பெருக்கினா 100ல ஒண்ணு. சீட்டுல என்னமோ பண்ணியிருக்காங்க.

கோபி டீச்சர்:
ஏனுங்க, மொதச் சீட்டுல யாரு வந்தா என்ன? அவரு சம்சாரம் அடுத்த செம்புல இருக்காங்கல்ல? அவங்க வர்றது 10ல ஒண்ணு, அவ்வளவுதான். நீங்க சொல்ற 100 சேர்க்கையையும் எழுதிப் பாருங்க, 10 தம்பதி இருக்கும்.

நொய்யல்கரையான்:
வந்தது விழாக்குழு ஆளோட தம்பி சோடிங்க. அந்தச் சோடியே வர்றது 100ல ஒண்ணுதானே?

கோபி டீச்சர்:
சீட்டு எடுக்கறதுக்கு முந்தி அவங்க பேரைச் சொல்லியிருந்தா 100ல ஒண்ணு. நீங்க வந்ததுக்கப்பறம் ஒறம்பரை தேடறீங்க. நம்ம பக்கத்து ஊர்ல பங்காளி, மாமன் மச்சான் இல்லாத குழு ஏதுங்க? 10 தம்பதியில 4 சோடி ஒறம்பரைன்னா 100ல 4 ஆயிருது. இதை வெச்சு ஒரு மனுசனைத் திருடன்னு சொல்லாதீங்க, மனசு கஷ்டமா இருக்கு.

சென்னிமலைத் தறி:
கணக்குல நான் டீச்சர் பக்கம். ஆனா 100ல 4ங்கறது சந்தேகப்படக் கூடாத அளவு பெருசும் இல்லைங்க. 20 பேரையும் ஒட்டுக்கா ஒரே செம்புல போட்டு ரெண்டு சீட்டு எடுத்திருந்தா 19ல ஒண்ணு. மொத ஆள் போக மிச்சம் 19, அதுல அவரு சோடி ஒருத்தர்தான்.

பல்லடத்துக்காரன்:
ரெண்டு செம்பும் காலியாகற வரைக்கும் சோடி சோடியா எடுத்திருந்தா? ஒரு தம்பதியாவது சேர 63 சதவீதம் வாய்ப்பு. 100 தம்பதின்னாலும் அதே 63தான். பிரான்சுக்காரர் மோன்மோர் 1708லயே இந்த மாதிரிக் கணக்கைச் சீட்டுக்கட்டு வெச்சு எழுதிட்டாரு.

நொய்யல்கரையான்:
100 தம்பதிக்குமா? கொறையணுமேங்க.

கோபி டீச்சர்:
ஒவ்வொரு சோடிக்கும் வாய்ப்பு கொறையும், ஆனா சோடிங்க கூடுதில்ல? 100 சோடி, ஆளுக்கு 100ல ஒண்ணு. சராசரியா சேர்றது எப்பவும் 1 சோடி.

நொய்யல்கரையான்:
10ல ஒண்ணுங்கறதை ஒத்துக்கறேன். திருட்டுன்னு சொன்னதையும் திருப்பி எடுத்துக்கறேன். ஆனா அடுத்த நோம்பிக்கு எல்லார் முன்னாடியும் சீட்டு மடிக்கணும், சின்னப் புள்ளைய விட்டு எடுக்கணும். இதை நான் விடமாட்டேனுங்க.