கலைச்சொல்: 'influencing' என்பதற்குச் செல்வாக்கா, இசைவிப்பா?

> செவிலியர் கையேட்டில் 'தலைமைப் பண்பும் செல்வாக்குத் திறனும்' என்றே போட்டுவிடலாமே. செல்வாக்கு எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே?

தெரிந்த சொல்லாக இருப்பதுதான் ஐயா சிக்கலே. மருத்துவமனையில் 'செல்வாக்கு உள்ளவர்' என்றால் ஒரு போன் போட்டுப் படுக்கை வாங்கித் தருபவர்! அதையா பயிற்சியில் சொல்லிக்கொடுக்கப் போகிறோம்? செல்வாக்கு ஒருவரிடம் இருப்பது. நமக்கு வேண்டியது, ஒருவர் செய்வதைக் குறிக்கும் சொல். அதுவும் பதவியில் கீழே இருப்பவர் மேலே இருப்பவரை ஒப்புக்கொள்ளச் செய்வது.

செம்மல்வைஸை நினைத்துப் பாருங்கள். 1847-இல் வியன்னாப் பொது மருத்துவமனையில் உதவி மருத்துவர். பிரசவ அறைக்குள் போகுமுன் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் இறந்த பிரிவில், ஜூனில் இறந்தது சுமார் 2 பேர். ஆனாலும் மூத்தவர்கள் பலர் ஏற்கவில்லை. அவரோ 1861 வரை விரிவான நூலாக எழுதவே இல்லை. எழுதிய பிறகு எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதத்தில் திட்டினார். உண்மை கையில் இருந்தது, இந்தத் திறன்தான் இல்லை.

செவிலியர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் நேர்மாறு. கிரிமியப் போரை ஆராய்ந்த ஆணையத்தில் அவர் உறுப்பினர்கூட இல்லை. காயத்தைவிட நோயால் செத்த வீரர்களே அதிகம் என்பதை 1858-இல் வட்டப் படமாகவே வரைந்து காட்டிவிட்டார். அதனால்தான் 'சொல்வன்மை'யும் போதாது என்கிறேன். அது பேச்சோடு நின்றுவிடும். 'வசப்படுத்தல்' வேண்டவே வேண்டாம், மாந்திரீக வாடை.

என் பரிந்துரை: இசைவிப்பு. இசைவித்தல், இசைவிப்புத் திறன்.

> இசை என்றதும் கச்சேரி நினைவு வருகிறதே! 'இசைவாக்கம்' என்றால் என்ன?

இலங்கைப் பாடநூல்களில் அது உயிரியலுக்குப் போய்விட்டது அக்கா, நாம் இங்கே தகவமைப்பு என்கிறோமே, அதற்கு. கச்சேரி பற்றிக் கவலை வேண்டாம். 'இசைவு தெரிவித்தார்' என்று செய்தித்தாளில் படிக்கும்போது யாருக்கும் பாட்டு நினைவுக்கு வருவதில்லை.

சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: 'அறுவையில் பயன்படுத்திய துணிகளின் எண்ணிக்கை சரியாகும்வரை தையல் போட வேண்டாம் என்று மூத்த மருத்துவரை இசைவிப்பது எப்படி?' எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு?