டியூடர் காலத்து அசல் உடை: லண்டனுக்கு வெளியே எங்கே பார்க்கலாம்?

மேடை_மயிலை: 1580 வாக்கில், இங்கிலாந்தை டியூடர் அரச வம்சம் ஆண்ட காலத்துல (1485–1603) நடக்கிற நாடகம், டிசம்பர்ல சபாவுல ஏறுது. உடை என் பொறுப்பு. ஜூலையில இங்கிலாந்து போறேன். வெளியூர் மியூசியம், பழைய மாளிகைகள்ல அசல் துணி எங்கே இருக்கு? 'டியூடர் உடை'ன்னு தேடினா வாடகை வேஷம்தான் வருது.

ஊசிநூல்: பட்டியல்கள்ல உடையோட பேரும் உத்தேச ஆண்டும்தான் இருக்கும். காய்ஃப் (தலையை ஒட்டின குல்லாய்), பார்ட்லெட் (கழுத்து, தோளை மூடுற துணி), டப்லெட் (ஆண்களோட இறுக்கமான மேலுடை), ஜெர்கின் (டப்லெட் மேல போடுற சட்டை), நைட்கேப் (ஆண்கள் வீட்டுல போடுற குல்லாய்)னு ஒவ்வொண்ணா போடுங்க. காலத்தை 1550–1620னு அகலமா வைங்க. டியூடர் ஆட்சி முடிஞ்ச 1603ல நிறுத்தினா '1590–1610'னு குறிச்ச பூவேலைக் குல்லாய்கள் நழுவிடும். பழைய மாளிகைகளைப் பராமரிக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்போட மாளிகைகளை அவங்க சேகரிப்பு இணையதளத்துலயே மொத்தமா தேடலாம்.

முழு கவுனை மறந்துடுங்க. ஜரிகைக்காகப் பழைய பட்டுப்புடவையை விலைக்குப் போடுற கதைதான் அங்கேயும்: நல்ல துணியைப் பிரிச்சு வேற தைச்சுட்டாங்க. ஹெரிஃபோர்ட்ஷயர்ல பேக்டன் தேவாலயத்தின் பீடவிரிப்பு (வழிபாட்டு மேசை மேல விரிக்கிற துணி), ராணி முதலாம் எலிசபெத்தின் உடையிலிருந்து வந்ததா இருக்கலாம்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. ஹார்ட்விக் ஹால் மாளிகையில பாதிரியார் அங்கிகளை வெட்டித் தைச்ச சுவர்த் தொங்கல்களே இருக்கு. அதனால பீடவிரிப்பு, தொங்கல், திண்டு உறைன்னும் தேடுங்க.

கரைவேட்டி: சாதாரண ஆளுங்க உடைன்னா போர்ட்ஸ்மத். 1545ல மூழ்கி 1982ல தூக்கின மேரி ரோஸ் கப்பல்ல தோல் ஜெர்கினும் ஏகப்பட்ட காலணியும் கிடைச்சுது. லினன் (ஆளிச்செடி நார்த்துணி) சட்டை தேடாதீங்க. காத்துப் புகாத சேத்துல தோல், கம்பளி, பட்டு தாங்கும், செடிநார் மக்கிடும். லினன் தையல்நூலும் போயிடுச்சு, வெறும் ஊசி ஓட்டைதான் மிச்சம். தையல் எவ்வளவு நெருக்கம்னு தெரிஞ்சுக்க அந்த ஓட்டை போதும்.

மாளிகைச் சேகரிப்புல நிலைமை தலைகீழ். லினன் நல்லா இருக்கும், அதுமேல போட்ட கறுப்புப் பட்டுநூல் உதிர்ந்திருக்கும். இரும்பு சேர்த்த சாயம் நூலையே அரிச்சுடும். பூ இருந்த இடத்துல மசியில வரைஞ்ச கோடு மட்டும் தெரியும்.

ஊசிநூல்: ஹாட்ஃபீல்ட் ஹவுஸ் மாளிகையில எலிசபெத்தோடதுன்னு காலுறை, கையுறை எல்லாம் உண்டு. வழிவழியா சொல்றாங்க, அவ்வளவுதான். லண்டன்னாலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியை விடாதீங்க: 1603ல எலிசபெத்தோட இறுதி ஊர்வலத்துல வெச்ச உருவ பொம்மைக்குத் தைச்ச உள்கச்சு அங்கே இருக்கு. துணியை எப்படி வெட்டித் தைச்சாங்கன்னு புரிய அதைவிட நல்லது இல்ல.

கரைவேட்டி: ஒண்ணு முக்கியம், தளத்துல படம் இருக்குன்னு கிளம்பிடாதீங்க. வெளிச்சம் துணியைக் கெடுக்கும்னு 50 லக்ஸ் (வெளிச்ச அளவு) மங்கல் வெளிச்சம்தான் வழக்கம், அதையும் மாத்தி மாத்தித்தான் வெளியே வைப்பாங்க. பொருள் எண்ணைக் குறிப்பிட்டு இப்பவே மெயில் போடுங்க. உள்பக்கமும் லைனிங்கும் பார்க்கணும்னு தெளிவா கேளுங்க, இல்லாட்டி முன்பக்கத்தை மட்டும் காட்டி அனுப்பிடுவாங்க. குறிப்பெடுக்கப் பேனா வேண்டாம், பென்சில். பாத் ஃபேஷன் மியூசியம் 2022ல பழைய இடத்துல மூடிடுச்சு, கேட்காம போகாதீங்க.